பவுடர் வாசம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாச்சிமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. என் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடவும் இல்லை. காப்பியைத் தொடாத நாச்சிமுத்துவை நான் பார்த்ததே கிடையாது. சரி, ஏதோ விஷயம் இருக்கிறது என்று பேப்பரை மடித்து வைத்தேன்.

"ஏனுங்க, இன்னைக்கு நீங்களும் என்ற கூட வரோணும்" என்றார்.

எங்கே?

பருத்திக் கொட்டை நீக்குகிற ஜின்னிங் ஃபேக்டரிச் சுவரோரம் என்றார். அங்கே காலராவைப் பற்றிப் பேசப் போகிறாராம். வருஷா வருஷம் செய்கிற காரியம்தானே, அதற்குத் துணை எதற்கு? ஆனால் நான் அப்படிக் கேட்கவில்லை. அந்தச் சுவரோரத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க நாச்சிமுத்துவுக்குப் பயம்.

தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மனுஷனுக்கு ஒரு பெண்பிள்ளையிடம் என்ன பயம்? அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். சிரிக்க இதில் அதிகம் இல்லை. வாரா வாரம் சிரிப்பதற்கென்றே இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் ஒரு வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாச்சிமுத்துவை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பல்வலி மாத்திரை வாங்கப் போன என்னை நிற்க வைத்து, பல் தேய்ப்பது எப்படி என்று ஒருவர் பிரசங்கம் செய்ததை முன்பு எழுதியிருந்தேனே... அவரேதான். எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மருந்து விற்பதைவிட, மருந்தே வேண்டாமல் இருப்பது எப்படி என்று சொல்வதில்தான் அவருக்கு ஆர்வம். கடை எப்படி ஓடுகிறது என்பது அவர் சம்சாரத்துக்குத்தான் வெளிச்சம்.

வெயில் ஏறி, அங்கே வாந்தி பேதி, இங்கே வாந்தி பேதி என்று பேச்சுக் கிளம்பினால் போதும், சைக்கிளில் தகரக் குழாயை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். வீதிகளுக்குப் போக மாட்டார். ஜின்னிங் ஃபேக்டரிச் சுவர், ரயில் கூட்ஸ் ஷெட், சந்தைக் கொட்டகை... வீடு வாசல் இல்லாதவர்கள் கிடக்கிற இடங்களுக்கு மட்டும்தான் போவார். ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டேன். வீடு இருக்கிறவனுக்குச் சொல்ல ரேடியோ இருக்கிறது, ஜீப் வருகிறது, கதவிடுக்கில் நோட்டீஸ் செருகுகிறார்கள். கதவே இல்லாதவனுக்கு யார் சொல்வது என்று திருப்பிக் கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்த மாதிரி நோட்டீஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள். வீட்டில் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். வீட்டில் குடிதண்ணீருக்குத் தனிப் பானை வையுங்கள். வீட்டருகே குப்பை போடாதீர்கள். வரிக்கு வரி வீடு! வீடு இல்லாதவனுக்குக் காலரா வராது என்று அதை எழுதினவரிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

நாச்சிமுத்து தன் பேச்சிலிருந்து அந்த வீட்டை எடுத்துவிட்டார். ரோட்டோரத்தில் இருக்கிறவனால் செய்ய முடிந்ததை மட்டும் சொல்வார். கையைச் சாம்பல் போட்டுக் கழுவு. ஈ மொய்த்ததைத் தின்னாதே. எந்தத் தண்ணீராக இருந்தாலும் மூடி போட்டு வை. யோசித்து யோசித்துத் தயாரித்த பேச்சு அது. நான் சொல்கிறேன், அவ்வளவு அக்கறையாகப் பேசுகிற ஆள் இந்த ஜில்லாவில் இன்னொருவர் இருக்க முடியாது.

போன வருஷம் மழை பொய்த்தது. தாராபுரம் பக்கத்திலிருந்தும் அதற்கும் தெற்கேயிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். கிணறு வற்றி, காடு காய்ந்து, திருப்பூர் போனால் பஞ்சுப்பொதி தூக்கியாவது பிழைக்கலாம் என்று வந்தவர்கள். பிழைப்புக் கிடைத்தது... தங்க இடம் கிடைக்கவில்லை. ராத்திரி சுவரோரம் சாக்கை விரித்துப் படுப்பார்கள். விடிந்ததும் அதைச் சுருட்டிச் சுவரிடுக்கில் சொருகிவிட்டு வேலைக்குப் போவார்கள். குடும்பத்துக்கு ஒரு அலுமினியச் சட்டி. ரேஷனில் போடுகிற மைலோச் சோளத்தைக் கஞ்சி காய்ச்சுவதும் அதில்தான், தண்ணீர் மொள்ளுவதும் அதில்தான்.

மாராத்தாள் அப்படி ஒரு சட்டியோடு வந்தவள். புருஷன் பொதி தூக்கப் போனான். இவள் கழிவுப்பஞ்சு பிரிக்கப் போனாள். ஒரே குழந்தை, பெயர் பொன்னி. பொன்னிக்கு மூத்தது ஒன்று ஊரிலேயே வாந்தி பேதியில் போய்விட்டதாம். மிஞ்சினது இதுதான்.

நாச்சிமுத்து சுவரோரம் பேசியபோது கேட்டவர்கள் எத்தனை பேர், தூங்கினவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. பேச்சு முடிந்ததும் அரிசி ஏதாவது தருவீர்களா என்று ஒருவர் கேட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டார். ஆனால் மறுநாளே அவர் வருத்தம் பறந்துவிட்டது. மாராத்தாள் பொன்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

நான் அப்போது கடையில்தான் இருந்தேன். காசு கொடுக்காமல் பேப்பர் படிக்க அதைவிட நல்ல இடம் எங்கள் தெருவில் கிடையாது. அவள் படியில் ஏறவில்லை. கீழேயே நின்று, முந்தின நாள் கேட்டதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். சாம்பல், ஈ, மூடி, எல்லாவற்றையும். ஒப்பித்துவிட்டு, சரிதானா என்று கேட்டாள். அந்தச் சமயத்தில் நாச்சிமுத்துவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாகக் காற்றோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு ஒரு மாணவி கிடைத்துவிட்டாள்.

உடனே உள்ளே போய் ஒரு பொட்டலத்தில் பிளீச்சிங் பவுடர் கட்டிக்கொண்டு வந்தார். குடிக்கிற தண்ணீரில் இதைத் துளியூண்டு கரைத்து வை, பேதிப்பூச்சி செத்துப்போகும் என்றார்.

"எதுலீங்க கரைக்கறது?" என்றாள் அவள்.

நியாயம்தானே! இருப்பது ஒரே சட்டி. அதில் பவுடரைக் கரைத்துவிட்டால் கஞ்சியை எங்கே காய்ச்சுவது? நாச்சிமுத்து பொட்டலத்தைத் திரும்ப மேஜை மேலேயே வைத்துவிட்டார். பிறகு, மேட்டுத் தெருக் கிணற்றில் தினமும் பவுடர் போடுகிறார்கள், அந்தத் தண்ணீரை வாங்கிக் குடி என்றார். போட்டிருக்கிறார்களா இல்லையா என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி, பாருங்கள். நாச்சிமுத்து குஷியாகிவிட்டார். பவுடர் டின்னைத் திறந்து அவள் மூக்கருகே காட்டினார். வாசத்தை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பொன்னியும் எட்டிப் பார்த்து மூச்சை இழுத்து, அடுக்கடுக்காகத் தும்மியது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

"இந்த வாசம் இருந்தாப் போதுமுங்களா, சாமி?"

"போதும் அம்மிணி. வாசம் வந்தா அந்தத் தண்ணியில பூச்சி செத்துப்போச்சுன்னு அர்த்தம். தைரியமாக் குடிக்கலாம்."

அதுதான் நடந்தது. அவர் சொன்னதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் யாராலும் எடுத்துக்காட்ட முடியாது.

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மெஷினிலிருந்து இறங்குகிற பனியன் துணி வெள்ளையாக இருக்காது. பழுப்பாக இருக்கும். அதைச் சோடாக்காரம் போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறவைத்து, அலசி அலசித்தான் நீங்கள் போட்டுக்கொள்கிற வெள்ளைப் பனியன் ஆகிறது. அலசின தண்ணீர் அந்த வெளுக்கிற பட்டறையின் பின்பக்கம் வாய்க்காலில் ஓடி நொய்யல் ஆற்றில் விழும். அதே பவுடர்தான். அதே வாசம்தான். ரயிலை விட்டு இறங்குகிற விருந்தாளி என்ன இது வாடை என்று மூக்கைப் பொத்துவார். எந்த வாடை என்று நாங்கள் கேட்போம். அவ்வளவு பழகிவிட்டது.

அந்த வாய்க்காலில் எங்கள் ஊர்க்காரன் காலை வைக்க மாட்டான். புண் வந்துவிடும். மாட்டை அந்தப் பக்கம் ஓட்ட மாட்டான். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எப்போது தெரிந்துகொண்டோம் என்பதும் ஞாபகம் இல்லை.

மாராத்தாள் மேட்டுத் தெருவுக்குப் போனாள். காலராப் பேச்சு அடிபடுகிற நேரம்... சுவரோரத்து ஆளைக் கிணற்றடிக்கு விடுவார்களா? பொம்பளைகள் தூரத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் போயிருக்கிறாள். மறுநாளும் அதேதான்.

அப்புறம் அவள் வாசத்தைத் தேடிக்கொண்டு போனாள்.

எங்கேயிருந்தோ மூடியுள்ள ஒரு தகர டப்பாவைச் சம்பாதித்தாள். மூடி முக்கியம் என்று பாடத்தில் வருகிறதே! வேலை முடிந்து, அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு, பட்டறைகளின் பின்பக்கம் வரை நடந்தாள். வாய்க்காலில் தண்ணீர் கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். கடையில் காட்டின அதே வாசம். யாரும் விரட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இதையெல்லாம் அவளே சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில்.

பொன்னிக்கு முதலில் வாயெல்லாம் புண்ணாகியிருக்கிறது. அப்புறம் எதுவும் இறங்கவில்லை. பிறகு வாந்தி. மூத்ததைப் பறிகொடுத்தவள் அல்லவா... பேதிதான் வந்துவிட்டது என்று பதறி, அந்தத் தண்ணீரையே இன்னும் கொஞ்சம் புகட்டியிருக்கிறாள். வாந்தியில் ரத்தம் வந்த பிறகு கடைக்கு ஓடி வந்தாள். நாச்சிமுத்து ஜட்கா வண்டி பிடித்து, குழந்தையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எனக்கு ஆள் அனுப்பினார், நானும் போனேன். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அவள் டப்பாவை நீட்டினாள். டாக்டர் மூடியைத் திறந்தார். திறந்ததும் வாசம் எங்கள் எல்லாருக்கும் வந்தது.

நாச்சிமுத்து அந்த டப்பாவை வாங்கி மூடியைத் திரும்பப் போட்டார்.

அன்று சாயங்காலம் பொன்னி போய்விட்டது. டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார்.

வராந்தாவில் மாராத்தாள் அழவில்லை. நாச்சிமுத்துவின் முன்னால் நின்று, பாடத்தை ஒப்பித்த அதே மாதிரி நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எங்கே தப்புப் பண்ணினோம் என்று அவர் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"எரியுதுன்னு அழுதுச்சுங்க. மருந்துன்னா எரியத்தானுங்களே செய்யும்னு நெனச்சனுங்க" என்றாள். "நாங்க ரெண்டு பேரும் ஒரு வாய் தொடலீங்க. நல்ல தண்ணி, அவளுக்கு இருக்கட்டுமுன்னு விட்டுட்டமுங்க."

அவளும் அவள் புருஷனும் கண்ட கண்ட தண்ணீரைக் குடித்துப் பிழைத்துக் கிடக்கிறார்கள். நல்ல தண்ணீர் குடித்த குழந்தைதான் இல்லை.

யார் மேல் கோபப்படுவது? நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். மேட்டுத் தெருப் பொம்பளைகள் மேலா? அவர்களுக்கும் குழந்தைகள் இருக்கின்றன, அவர்களுக்கும் பயம். பட்டறைக்காரர் மேலா? அவர் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. நாச்சிமுத்து மேலா? அந்தச் சுவரோரம் எட்டிப் பார்த்தவரே அவர் ஒருவர்தான். எனக்கு வந்த கோபம் எங்கும் போய் உட்காரவில்லை. இன்னும் என்னிடமே இருக்கிறது.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. அடுத்தவனுக்குத் தெரியாததைச் சொல்லித் தருகிறோம் என்று நாம் கிளம்புகிறோம். ஆனால் நமக்கு ரொம்பவும் தெரிந்த விஷயம் இருக்கிறதே... சொல்லாமலே தெரிந்த விஷயம்... அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. வெளியூரிலிருந்து வந்து நம் ஊரில் கிடக்கிறவனுக்கு அதைச் சொல்ல அக்கம்பக்கம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி வேண்டும். அடியே, அந்தத் தண்ணியைத் தொடாதே என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். பக்கத்து வீடு இருக்க வேண்டுமென்றால் முதலில் தனக்கு ஒரு வீடு இருக்க வேண்டும்.

நாச்சிமுத்து அதற்கப்புறம் தகரக் குழாயைத் தொடவில்லை. கடையில் கேட்ட மருந்தைக் கேட்டபடி கொடுத்தார். யாருக்கும் எந்தப் புத்தியும் சொல்லவில்லை. வியாபாரம் பரவாயில்லை என்று அவர் சம்சாரம் என் மனைவியிடம் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

இந்த வருஷமும் வெயில் வந்தது. பக்கத்து ஊர்களில் வாந்தி பேதி என்ற பேச்சும் வந்தது. சுவரோரத்தில் புதுக் குடும்பங்கள், புதுக் குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறிப்போன காப்பிக்கு முன்னால் நின்றுகொண்டு நாச்சிமுத்து சொன்னது இதுதான்:

"போகலீன்னா இன்னொரு கொழந்தை போயிருமுங்க. போனா அந்த அம்மிணி மூஞ்சியைப் பாக்கோணும். எப்படிங்க பாக்கறது?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

சைக்கிளின் பின்னால் ஒரு சாக்குமூட்டை. அதில் மூடியோடு கூடிய காலி டின்கள். தெருத்தெருவாக, வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்திருக்கிறார். தகரக் குழாயை மறக்காமல் எடுத்து வந்திருந்தார், ஆனால் வழியெல்லாம் அதைக் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டு நடந்தார்.

சுவரோரத்து ஜனங்கள் கூடினார்கள். மாராத்தாளும் வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். போன வருஷம் போலவே முன்வரிசையில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாச்சிமுத்து அவளைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தார். இரண்டு வார்த்தை பேசினார், நின்றுவிட்டார். பிறகு, எல்லாரும் எழுந்து கூட வாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

நேராக வாய்க்காலுக்குத்தான் போனார்.

பட்டறைக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தெளிவாகத்தான் இருந்தது. குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பொம்பளைகள் கரையில் நின்றார்கள். நாச்சிமுத்து குழாயை வாயில் வைக்கவில்லை. கிட்டே கிட்டே போய், ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொன்னார். இது மருந்துத் தண்ணீர் இல்லை. துணியை வெளுக்கிற தண்ணீர். இதுவும் பவுடர் வாசம் அடிக்கும், அதை நம்பாதீர்கள். இது விஷம். குடிக்கக்கூடாது, வாய் கொப்பளிக்கக்கூடாது, குழந்தையைக் குளிப்பாட்டக்கூடாது. டின் தருகிறேன், பவுடரும் தருகிறேன், எவ்வளவு போட வேண்டும் என்று கலந்தே காட்டுகிறேன். தீர்ந்தால் கடைக்கு வாருங்கள்.

கடைசியில் மாராத்தாள் முன்னால் வந்து நின்றார். அவளுக்கும் சொல்லத்தான் வாயெடுத்தார். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாய்க்காலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இதைப் போன வருசம் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பனுங்க, சாமி."

கேட்டிருப்பாள்... அவர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டவள் அவள் ஒருத்திதான்.